மாடி டிவியின் சத்தத்தை வயர் இல்லாமல் சீலிங் ஸ்பீக்கருக்குக் கொண்டுவருவது எப்படி?

மாடித்தோட்டம், கோவை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக மண்டையைக் குடையும் சிக்கல் இது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாதிக்கு ஷீட் கூரை போட்டு, அதற்கு அடியில் பிவிசி சீலிங் அடித்திருக்கிறோம். அந்தச் சீலிங்கில் இரண்டு ஸ்பீக்கர்களைப் பதித்திருக்கிறோம். அவற்றின் வயர் சுவருக்குள் இருக்கும் பைப் வழியாக இறங்கி, முதல் மாடி ஹாலில் உள்ள ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. வீடு கட்டும்போது பாட்டு கேட்க மட்டும் என்று போட்டது.

அப்பா ஓய்வு பெற்றபின் சாயங்காலம் முழுக்க மாடியில்தான் இருக்கிறார். செடிகளுக்குத் தண்ணீர் விட்டு முடித்ததும் அங்கேயே நாற்காலி போட்டுக் கிரிக்கெட் பார்க்க ஆசை. ஹாலுக்கு ஃபைபர் இணைப்பு வாங்கிவிட்டதால், அங்கிருந்த டிடிஹெச் பாக்ஸை மாடிக்கு மாற்றி 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவி ஒன்றை மாட்டினோம். டிவியின் ஸ்பீக்கர் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. திறந்தவெளியில் பேச்சு சிதறிப்போகிறது. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். தலைக்கு மேலேயே நல்ல ஸ்பீக்கர் இருந்தும் பயன் இல்லை.

டிவியின் சத்தம் கீழே ஆம்ப்புக்குப் போக வேண்டும், அங்கிருந்து மறுபடி மேலே வர வேண்டும். நேர்த் தூரம் சுமார் 9 மீட்டர், நடுவில் கான்கிரீட் தளம். பைப்பில் இன்னொரு வயர் இழுக்கப் பார்த்தோம். இரண்டாவது வளைவில் சிமெண்ட் பால் இறங்கி அடைத்திருக்கிறது, ஸ்பிரிங் போகவே இல்லை.

ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர், ரிசீவர் ஒரு ஜோடி வாங்கினேன். ஒலியை வெளிச்சமாக அனுப்பும் டிவியின் ஆப்டிகல் அவுட்டில் டிரான்ஸ்மிட்டரும், ஆம்ப்பில் ரிசீவரும் இருக்கின்றன. சத்தம் வருகிறது, ஆனால் பிந்தி வருகிறது. பேட்ஸ்மேன் அடித்து, பந்து பாயிண்ட் பக்கம் பறந்த பிறகு 'டக்' என்று கேட்கிறது. அப்பா இரண்டு ஓவர் பார்த்துவிட்டு, "இதை எடுத்துடு, பழைய சத்தமே போதும்" என்றார்.

இன்னொன்றும் புரியவில்லை. டிரான்ஸ்மிட்டரை மாட்டுவதற்கு முன், ஹால் ரிசீவரை மாடிக்கே கொண்டுபோய் டிவியின் சொந்த ப்ளூடூத்துடன் இணைத்துப் பார்த்தேன். யூடியூபில் உதடும் பேச்சும் சரியாகப் பொருந்தின. செட்டாப் பாக்ஸுக்கு மாற்றினால் பிந்துகிறது. ஒரே டிவி, ஒரே ரிசீவர். ஏன் இப்படி?

அலைவரிசை, சென்னை

உங்கள் கடைசிக் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

ப்ளூடூத்தில் எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான குறிமுறை எஸ்பிசி. ஒலியைச் சுருக்கி, சிறு சிறு பொட்டலமாக அனுப்பி, மறுமுனையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் பாடும். மொத்தத்தில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகும். டிவிக்குள்ளேயே ஓடும் செயலிக்கு இந்தத் தாமதம் தெரியும். அது படத்தையும் அதே அளவு நிறுத்திவைத்துக் காட்டும். அதனால்தான் யூடியூப் பொருந்தியது. செட்டாப் பாக்ஸின் படம் ஹெச்டிஎம்ஐ வழியாக வந்த வேகத்தில் திரைக்குப் போய்விடுகிறது. அதை யாரும் நிறுத்திவைப்பதில்லை.

ஆப்டிகல் அவுட்டில் மாட்டிய டிரான்ஸ்மிட்டருக்கு நிலைமை இன்னும் மோசம். அந்தக் கம்பிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே டிவிக்குத் தெரியாது. யூடியூபும் பிந்தத் தொடங்கும், பாருங்கள்.

டிவி மெனுவில் 'ஆடியோ டிலே' இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஒலியை இன்னும் பின்னே தள்ளத்தான் உதவும். பிந்திய ஒலியை முன்னே இழுக்க அதனால் ஆகாது.

ஒரு சின்ன வழி மட்டும் உண்டு. படத்தை மெருகேற்ற டிவி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. அதற்கு ஈடாகப் பல டிவிகள் ஆப்டிகலில் போகும் ஒலியையும் நிறுத்திவைத்து அனுப்பும். டிலேயைப் பூஜ்யமாக்கினால், அல்லது 'பைபாஸ்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தால், அந்த நேரம் உங்களுக்கு லாபம். முதலில் அதைச் செய்து பாருங்கள்.

பெவிலியன், திண்டுக்கல்

கால் செகண்டுக்கும் குறைவான தாமதத்தை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா? சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதும் மட்டைச் சத்தம் பிந்தித்தானே வருகிறது? நாம் ரசிக்கவில்லையா?

அலைவரிசை, சென்னை

நல்ல கேள்வி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். பிட்ச்சிலிருந்து 70 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 200 மில்லிசெகண்ட் பிந்தித்தான் கேட்கும், உண்மைதான். ஆனால் அங்கே பேட்ஸ்மேன் விரல் அளவுக்குத் தெரிகிறார். அவர் தூரத்தில் இருக்கிறார் என்று கண் சொல்கிறது, மூளை ஒத்துக்கொள்கிறது. டிவியில் அவருடைய ஹெல்மெட் கம்பி வரை தெரிகிறது, சத்தத்தையோ ஸ்டம்ப்பில் இருக்கும் மைக் பிடிக்கிறது. பக்கத்தில் நிற்பவரின் சத்தம் அவ்வளவு பிந்தினால் உறுத்தத்தான் செய்யும்.

இதற்கு அளவே வைத்திருக்கிறார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலோ 125 பிந்தினாலோ ஆளுக்குத் தெரியத் தொடங்கும். 90 முந்தினாலோ 185 பிந்தினாலோ ஏற்க முடியாததாகிவிடும். முந்துவதை நாம் குறைவாகவே பொறுக்கிறோம், கவனியுங்கள். இடி மின்னலுக்கு முன்னால் கேட்பதே இல்லை அல்லவா.

எஸ்பிசியின் 200 இந்த எல்லையைத் தாண்டியது. அப்பா சொன்னது நியாயமான புகார்.

மார்க்கம் வீடு, கனடா

எங்கள் வீட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் மாறி. பின்பக்க டெக்கில் டிவி, வீட்டுக்குள்ளே சமையலறையிலும் ஹாலிலும் சீலிங் ஸ்பீக்கர். கோடையில் ஆட்கள் கூடினால் பாதிப் பேர் வெளியே, பாதிப் பேர் உள்ளே. எல்லா இடத்திலும் மேட்ச் கேட்க வேணும் என்று என் கணவருக்கு ஆசை.

நாங்கள் சோனோஸ் ஆம்ப் போட்டோம். டெக் டிவியின் சத்தத்தை லைன்-இன் (வெளிச் சத்தத்தை உள்வாங்கும் துளை) வழியாகக் கொடுத்தால் எல்லா அறைக்கும் வைஃபையில் போகும். அறைகள் தங்களுக்குள்ளே ஒத்துப்போகும், அது அருமை. ஆனால் அந்த லைன்-இன் தாமதத்தைக் குறைந்தது 75 மில்லிசெகண்ட்தான் வைக்கலாம், கூடினால் 2000 வரை போகும். வைஃபை சரியில்லை என்றால் கூட்டித்தான் ஆக வேணும். உள்ளே இருக்கிற ஆட்களுக்கு டிவி தெரியாது, அவர்களுக்குக் கவலையில்லை. டெக்கில் இருக்கிறவர்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதனால் டெக்கில் டிவிக்கு அடியிலேயே ஒரு சவுண்ட்பார் போட்டுவிட்டோம். கதவு திறந்திருந்தால் இரண்டு சத்தமும் மோதும், அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

இங்கே மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான் சுவர், அலை லேசாகப் போகும். உங்கள் ஊர்க் கான்கிரீட்டை நினைத்தால் பயமாக இருக்கு. 900 மெகாஹெர்ட்ஸ் ஒலி அனுப்பிகள் இங்கே விற்கிறார்கள், அவை சுவரை நல்லாய்த் துளைக்கும், தாமதமும் இல்லை என்று அயலில் ஒருவர் சொன்னார். அனுப்பிவிடவா?

அலைவரிசை, சென்னை

அன்புக்கு நன்றி அக்கா, ஆனால் அது மட்டும் வேண்டாம். உங்கள் பக்கம் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். இந்தியாவில் 890 முதல் 915 வரை, கைபேசி கோபுரத்துக்குப் பேசும் அலைவரிசை. அந்தக் கருவியை இங்கே ஓட்டினால் பக்கத்துக் கோபுரத்தின் காதில் நாம் கத்துகிறோம் என்று அர்த்தம். சட்டப்படியும் தவறு, அவசரத்துக்கு ஆம்புலன்ஸை அழைக்கும் ஒருவருக்கு இணைப்பு கிடைக்காமலும் போகலாம். வெளிநாட்டு வீடியோ பார்த்து யாரும் இதை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே வீட்டில் ஒலிக்கு எளிதாகக் கிடைப்பவை 2.4 கிகாஹெர்ட்ஸும் 5.8 கிகாஹெர்ட்ஸும். 5.8-ல் நெரிசல் குறைவு, ஆனால் கான்கிரீட்டில் இன்னும் அதிகமாகத் திணறும்.

மாடித்தோட்டம், உங்களுக்கு என் பரிந்துரை: ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி. எஸ்பிசி போல இதுவும் ஒரு ப்ளூடூத் குறிமுறைதான். தாமதம் சுமார் 40 மில்லிசெகண்ட். அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் அது இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்பிசிக்கு இறங்கிவிடும். பெட்டியில் வெறும் 'ஆப்டெக்ஸ்' என்று இருந்தால் போதாது.

வயரிங் அண்ணன், ஈரோடு

அப்பாவுக்காக இவ்வளவு மெனக்கெடுகிறீர்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது தம்பி. வேலைக்குப் போகிற இடத்தில் நான் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

ரிசீவரை ஆம்ப்பின் பின்னால், ரேக்குக்குள் வைக்காதீர்கள். ஆம்ப்பின் இரும்புப் பெட்டியே அலையை மறைக்கும். 3 மீட்டர் ஆர்சிஏ ஒலிக் கேபிள் வாங்கி, ரிசீவரை மட்டும் மாடிப்படி ஜன்னல் திட்டுக்குக் கொண்டு போங்கள். மேலே டிரான்ஸ்மிட்டரையும் டிவியின் முதுகில் ஒட்டாமல் படிக்கட்டுப் பக்கம் இறக்குங்கள். தளத்தைத் துளைத்துப் போவதைவிடப் படிக்கட்டு வழியாக அலை சுலபமாக இறங்கும். தளத்துக்குள் கம்பி பின்னல் பின்னலாக இருக்கிறது, ஷீட் கூரையும் தகரம்.

டிவியில் டிஜிட்டல் அவுட்டை 'பிசிஎம்' (சுருக்காத ஒலி) என்று வையுங்கள். சுருக்கிய ஒலியான டால்பியில் இருந்தால் பாதி டிரான்ஸ்மிட்டர்கள் ஊமையாகிவிடும். கருவி கெட்டுவிட்டது என்று கடையில் திருப்பிக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

டிவி ஸ்பீக்கரைக் கட்டாயம் நிறுத்துங்கள். 40 மில்லிசெகண்ட் தனியாகக் கேட்டால் தெரியாது. டிவியும் சேர்ந்து பேசினால் கல்யாண மண்டப மைக் மாதிரி இரட்டிக்கும், காது மந்தமானவருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது.

மாடித்தோட்டம், கோவை

எல்லாம் செய்தாயிற்று. அளந்தும் பார்த்தேன். யூடியூபில் வெளிச்சமும் 'பீப்' ஒலியும் ஒன்றாக வரும் சோதனை வீடியோ இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, செட்டாப் பாக்ஸின் யுஎஸ்பி வழியாக ஓட்டினேன். கைபேசியை ஸ்பீக்கருக்கு அடியில் நாற்காலி மேல் நிற்க வைத்து, நொடிக்கு 240 பிரேம் ஸ்லோமோஷனில் பதிவு செய்தேன். ஒரு பிரேம் சுமார் 4 மில்லிசெகண்ட். வெளிச்சம் வந்த பிரேமுக்கும் ஒலியலை எழும்பிய இடத்துக்கும் நடுவே எண்ணினால் போதும்.

பழைய ஜோடி: 53 பிரேம், அதாவது 220. டிலேயைப் பூஜ்யமாக்கியதும் 41 பிரேம். புதிய லோ லேட்டன்சி ஜோடி: 9 பிரேம், 37 மில்லிசெகண்ட்.

ஆனால் மேட்ச் தொடங்கும் ஏழரை மணிக்கு மேல் வெட்டி வெட்டி வருகிறது. மதியம் ஒரு தடங்கலும் இல்லை. ராத்திரி கைபேசியில் பார்த்தால் என் மாடியிலிருந்து 23 வைஃபை பெயர்கள் தெரிகின்றன. ப்ளூடூத் ஒரு நொடிக்கு 1600 தடவை சேனல் மாறும் என்று படித்தேன். மாறுவதற்குக் காலியிடம் இருந்தால்தானே? தாமதம் குறைந்த முறையில் சேமித்து வைக்கும் பொட்டலமும் குறைவு என்பதால் ஒன்று தவறினால் உடனே வெட்டுகிறது என்று நினைக்கிறேன். அப்பா பொறுத்துக்கொள்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச், தஞ்சாவூர்

நான் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இழையை முதலிலிருந்து படித்தேன். உங்கள் முதல் பதிவில் ஒரு வரி இருக்கிறது: ஹாலில் இருந்த டிடிஹெச் பாக்ஸை மாடிக்கு மாற்றினோம். அப்படியானால் மாடியில் உள்ள டிஷ்ஷிலிருந்து ஹாலுக்கு இறங்கிய பழைய கேபிள் என்ன ஆயிற்று?

அது அங்கேயே இருக்கிறது என்றால் உங்கள் வேலை முடிந்தது. அது ஆர்ஜி6, 75 ஓம் கேபிள். டிஜிட்டல் ஒலியைக் கம்பியில் அனுப்பும் கோஆக்ஸியல் முறைக்கும் 75 ஓம்தான் வேண்டும். டிஷ்ஷிலிருந்து 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை சுமந்த கேபிள் அது. 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒலிக்கு வேண்டியது சுமார் 6 மெகாஹெர்ட்ஸ்தான். அதற்கு இது விளையாட்டு.

மேலே: டிவி ஆப்டிகல் அவுட், அதிலிருந்து ஆப்டிகல்-கோஆக்ஸியல் கன்வெர்ட்டர், அதிலிருந்து கேபிள். கீழே: கேபிளிலிருந்து ஒரு டிஏசி (டிஜிட்டல் ஒலியைச் சாதாரண ஒலியாக்கும் பெட்டி), அதிலிருந்து ஆம்ப். ஆம்ப்பிலேயே கோஆக்ஸியல் இன் இருந்தால் டிஏசியும் வேண்டாம். கேபிளின் திருகு முனையை ஆர்சிஏவாக மாற்றும் சின்ன அடாப்டர் இரண்டு வேண்டும். டிவிக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவே ஓடுவது வெளிச்சம்தான் என்பதால், டிவி வழியாக எர்த் இரைச்சல் ஏறும் பயமும் இல்லை. தாமதம் என்று சொல்ல எதுவும் இருக்காது.

வயரிங் அண்ணன், ஈரோடு

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. எனக்கு இது தோன்றாமல் போயிற்றே!

தம்பி, இரண்டு விஷயம் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். கேபிளின் நடுவே ஸ்பிளிட்டரோ ஸ்விட்சோ இருந்தால் கழற்றிவிட்டு நேராக இணையுங்கள். அவை டிஷ் அலைவரிசைக்கு மட்டும் செய்தவை, இதை விடாது. இரண்டாவது இன்னும் முக்கியம். செட்டாப் பாக்ஸ் அந்தக் கேபிள் வழியாக டிஷ் தலைக்கு 13 அல்லது 18 வோல்ட் அனுப்பும். எந்த முனையிலாவது பாக்ஸ் மாட்டியிருக்கும்போது கன்வெர்ட்டரைத் தொட்டால் அந்த நிமிடமே அது போய்விடும். மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்த பிறகே இணையுங்கள். இடி மின்னல் நாளில் இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள்.

வாடகை வீடு, மதுரை

இந்த மாதிரி கேபிள் இல்லாதவர்களுக்கு? எனக்குப் பால்கனியில் டிவி, ஹால் சீலிங்கில் வீட்டுக்காரர் போட்ட ஸ்பீக்கர். நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு மட்டும்.

அலைவரிசை, சென்னை

கண்ணாடிக் கதவு என்றால் லோ லேட்டன்சி ஜோடியே போதும். வெட்டும் சிக்கல் உங்களுக்கு அநேகமாக வராது. வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள், உங்கள் பங்கு நெரிசலாவது குறையும். வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

மாடித்தோட்டம், கோவை

ஐயா, கேபிள் இருந்தது! தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தார்கள். முனையில் பச்சை பிடித்திருந்தது. நாலு விரல்கடை வெட்டி எறிந்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர் புது முனை போட்டுக் கொடுத்தார். மொத்த நீளம் 18 மீட்டர் வரும். ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்த பிளேட்டிலிருந்து ஆம்ப்புக்கு 2 மீட்டர்.

அளந்தேன். 240 பிரேமில் வெளிச்சமும் பீப்பும் ஒரே பிரேமில்! டிலேயைப் பூஜ்யத்தில் விட்டிருந்ததால் ஒலி கொஞ்சம் முந்தக்கூட முந்தியது, பழையபடி தானாக என்று வைத்ததும் பொருந்திவிட்டது. மூன்று நாள் மேட்ச் பார்த்தாயிற்று, ஒரு வெட்டு இல்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். ஆப்டிகலில் ஒலி ஒரே அளவில்தான் போகிறது. டிவி ரிமோட்டில் சத்தம் கூடுவதில்லை. ஆம்ப் ரிமோட்டுக்குக் கீழே போக வேண்டும். விளம்பரம் வரும்போதெல்லாம் அப்பா படி இறங்கி ஏறுகிறார். ஆம்ப்புக்குக் கைபேசி செயலி கிடையாது.

வயரிங் அண்ணன், ஈரோடு

படி இறங்க விடாதீர்கள். ரிமோட் எக்ஸ்டெண்டர் கேளுங்கள், சின்னக் கோபுரம் மாதிரி இரண்டு துண்டு இருக்கும். ரிமோட்டின் வெளிச்சத்தை மேலே ஒன்று வாங்கி, 433 மெகாஹெர்ட்ஸ் அலையாக்கிக் கீழே அனுப்பும். கீழே உள்ளது அதை மறுபடி வெளிச்சமாக்கி ஆம்ப்பைப் பார்த்து அடிக்கும். இந்த அலை கான்கிரீட்டை நன்றாகவே தாண்டும். ரிமோட் அழுத்தி அரை செகண்ட் கழித்துச் சத்தம் கூடினாலும் யாருக்கும் உறுத்தாது. வயர் இல்லாமல் போக வேண்டியது உங்கள் வீட்டில் இதுதான்.

இன்னொரு வேலையும் பாக்கி. கேபிளின் இரண்டு முனையிலும் சீட்டு கட்டுங்கள். நாளைக்கு டிஷ்ஷைச் சரிபார்க்க வருகிற பையன் இதைப் பழைய கேபிள் என்று நினைத்துப் பாக்ஸில் மாட்டிவிடுவான்.

மாடித்தோட்டம், கோவை

எக்ஸ்டெண்டர் நேற்று வந்தது. மேல் துண்டை டிவிக்குக் கீழே, துளசித் தொட்டி பக்கம் வைத்திருக்கிறேன். அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே சத்தம் வைக்கிறார். நேற்று ராத்திரி ஒரு எட்ஜ். கீப்பர் அப்பீல் செய்வதற்கு முன்னால் அப்பா "பட்டுடுச்சு" என்றார். அந்த மெல்லிய 'டிக்' அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

சீட்டும் கட்டிவிட்டேன். பழைய டப்பா மூடியை வெட்டி, அழியாத மையில் எழுதி, இரண்டு முனையிலும் டை போட்டிருக்கிறேன்: "டிவி சத்தம் போகும் கேபிள். செட்டாப் பாக்ஸ் மாட்டக் கூடாது."